பெட்டியடிப் பையன் கேள்வி கேட்கலாமா?

முதலீட்டு வங்கி ஒன்றில் மூன்று மாதம் மென்பொருள் இன்டர்னாக இருந்துவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து பார்க்கிற எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு கொடுத்தாங்க?" கோயிலில் பார்த்த மாமா கேட்டார், பல்கலைக்கழக நண்பர்கள் கேட்டார்கள், எங்கள் புளோக்கில் மூன்றாவது மாடி ஆன்ட்டிகூடக் கேட்டுவிட்டார். பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அப்பா 22 வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். அவருடைய மாதச் சம்பளத்தைவிட எனக்குக் கொடுத்தது அதிகம். அது நியாயமா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே அதற்குள் போகவில்லை.

பாட்டி மட்டும்தான் வேறு மாதிரி கேட்டார். "ஏண்டா, அப்ப நீ வட்டிக்கடையிலயா வேலை பாக்குற?"

முதலில் சிரித்தேன். பிறகுதான் பாட்டி ஏன் அப்படிக் கேட்கிறார் என்று புரிந்தது. தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் கூலி வேலை பார்த்தவர். பாட்டியின் தாலி இரண்டு முறை அடகுக்குப் போய் வந்திருக்கிறது. அவருக்கு வட்டி என்பது பொருளாதாரச் சொல் இல்லை, ராத்திரி தூக்கம் கெடுக்கிற சொல். நான் விளக்கினேன்: இது நம்மளை மாதிரி ஆட்கள் சேமிப்பு போடுகிற வங்கி இல்லை பாட்டி, பெரிய கம்பெனிகளுக்கும் அரசாங்கங்களுக்கும் பங்கு, கடன்பத்திரம் விற்றுப் பணம் திரட்டிக் கொடுக்கிற வங்கி; சந்தையில் வாங்கி விற்கிற வங்கி. பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பெரிய வட்டிக்கடைன்னு சொல்லு" என்றார். நாலு வருடம் பொறியியல் படிக்கிற எனக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பாட்டி அறியாமல் ஒரு பழைய நூலைப் பிடித்து இழுத்துவிட்டார். நான் தினமும் காலையில் எம்ஆர்டியில் இறங்கி நடந்த ராஃபிள்ஸ் பிளேஸ் வட்டாரத்தில்தான் மார்க்கெட் ஸ்திரீட் இருக்கிறது. இப்போது அங்கே கண்ணாடிக் கோபுரங்கள். ஒரு காலத்தில் அங்கே நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான கூடம், தரையில் வரிசையாகச் சின்ன மேசையும் பெட்டியும், ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு நிறுவனம். 1859இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலைக் கட்டியவர்கள் இவர்கள்தான். இந்த ஊரில் கடன் கொடுத்து வாங்கும் தொழிலில் தமிழன் புதிதாக நுழைந்தவன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். பெருமைக்காக மட்டும் இல்லை, கொஞ்சம் சங்கடத்துக்காகவும்தான்.

அந்தக் கிட்டங்கிகளில் மேலாள் இருப்பார், அவருக்குக் கீழே அடுத்தாள். எல்லாருக்கும் கீழே, தொழில் கற்றுக்கொள்ள ஊரிலிருந்து அனுப்பப்பட்ட சின்னப் பையன். அவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். எடுபிடி வேலை, கணக்கு எழுதுவது, சொன்னதைச் செய்வது. இதைப் படித்தபோது எனக்கு உடனே தோன்றியது: அட, இது நான்தானே! கழுத்தில் ஓர் அடையாள அட்டை, மேசையில் இரண்டு திரை, மற்றபடி அதே வேலை.

இந்தக் கட்டுரையின் கேள்வி அந்தப் பையனைப் பற்றியதுதான். பேரேட்டில் சொன்னதைச் சொன்னபடி எழுதியவனுக்கு, அந்தப் பேரேடு வெளியே என்ன செய்தது என்பதில் பங்கு உண்டா?

பர்மாவை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேய வங்கிகள் சிறு விவசாயிக்குக் கடன் கொடுக்காத காலத்தில் ஐராவதி டெல்டாவின் நெல் வயல்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் செட்டியார்கள். அந்தப் பணம் இல்லாமல் அந்த நிலங்கள் அவ்வளவு சீக்கிரம் விளைந்திருக்காது. பிறகு 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது, நெல் விலை விழுந்தது, விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது சாகுபடி நிலத்தில் சுமார் 6 விழுக்காடு. 1937 வாக்கில் சுமார் 25 விழுக்காடு. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். ஆனாலும் நிலம் இழந்தவனின் கோபம் இந்தக் கணக்கெல்லாம் பார்க்குமா? அது பிற்பாடு அங்கிருந்த இந்தியர் எல்லார் மேலும் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது அங்கே ஒரு சின்ன ஊர்க் கிளையில் பேரேடு எழுதிய பதினாறு வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். அவன் ஒரு வரியும் பொய்யாக எழுதவில்லை. அவன்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. அவன் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் தவறு இல்லை. தவறு என்று ஒன்று இருந்தால் அது ஒரு முழு ஏற்பாட்டில் இருந்தது. அதில் லண்டன் இருந்தது, நெல் விலை இருந்தது, சட்டம் இருந்தது. நம்ம பக்கத்துக்கு வந்தால் 1எம்டிபி விவகாரமும் இப்படித்தான். அந்தக் கடன்பத்திரங்களுக்கு வட்டி கணக்கிட்ட மென்பொருளை எங்கோ யாரோ எழுதியிருப்பார். எல்லாக் கடன்பத்திரத்துக்கும் பொதுவாக எழுதிய கோட் அது. அவருக்கு அந்தத் திருட்டில் பங்கு உண்டு என்று சொன்னால், தார் போட்டவனுக்கும் அந்த ரோட்டில் ஓடிய திருடனின் பாவத்தில் பங்கு உண்டு என்று சொல்ல வேண்டிவரும்.

சரி, அப்படியானால் சின்ன ஆளுக்குப் பொறுப்பே கிடையாதா? "நான் சொன்னதைத்தான் செய்தேன்" என்று எல்லா இடத்திலும் சொல்லிவிடலாமா? இந்த இடத்தில்தான் இன்னொரு கதை வருகிறது. இது நடந்தது சிங்கப்பூரில், நான் பிறப்பதற்குச் சில வருடங்கள் முன்பு.

நிக் லீசன் என்ற பெயரை உங்கள் அப்பா அம்மா கேள்விப்பட்டிருப்பார்கள். 1762இல் தொடங்கிய லண்டன் பேரிங்ஸ் வங்கியை 1995 பிப்ரவரியில் கவிழ்த்தவர். சிங்கப்பூரின் சைமெக்ஸ் சந்தையில் ஜப்பானிய நிக்கேய் குறியீட்டின் மேல் பந்தயம் மாதிரி வியாபாரம் செய்து, நஷ்டத்தை 88888 என்ற எண் கொண்ட பிழைக் கணக்கில் மறைத்து வைத்தார். கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு சந்தை விழ, எல்லாம் வெளியே வந்தது. நஷ்டம் 827 மில்லியன் பவுண்டு. வங்கி கடைசியில் 1 பவுண்டுக்கு விற்கப்பட்டது. அவருக்கு இங்கே ஆறரை வருடச் சிறைத் தண்டனை.

இந்தக் கதையில் எல்லாரும் லீசனைத்தான் பார்க்கிறார்கள். கணினி படிக்கிறவன் என்பதால் என் கண் வேறு இடத்தில் போய் நின்றது. 1992 ஜூலையில், அந்தக் கணக்கு திறந்த கொஞ்ச நாளிலேயே, லீசன் கணினி மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஒரு மாற்றம் கேட்கிறார்: லண்டனுக்குப் போகும் ரிப்போர்ட்டுகளில் 88888 வர வேண்டாம். ஒரே ஒரு கோப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் அந்த எண் நீக்கப்பட்டது. செய்து கொடுத்தவர் சதிகாரர் இல்லை. அலுவலகத் தலைவர் கேட்டார், இவர் செய்தார். சில வரி கோட். அரை மணி நேர வேலைகூட இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டரை வருடம் அந்தச் சில வரிக்குப் பின்னால்தான் எல்லாம் ஒளிந்திருந்தது. வியாபாரம் செய்பவரும் அதைக் கணக்கில் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருப்பது ஆபத்து என்று 1994இல் அவர்களுடைய உள் தணிக்கையே எழுதியது. மேலே இருந்தவர்கள் அதையும் பெரிதாக எடுக்கவில்லை. ஆகவே பெரிய பொறுப்பு பெரியவர்களுடையதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பர்மாக் கிளையின் பேரேட்டுப் பையனுக்கும் இந்த மென்பொருள்காரருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பையனிடம் கேட்டது: இருப்பதை எழுது. இவரிடம் கேட்டது: இருப்பதைக் காட்டாதே. இரண்டாவது கோரிக்கை வரும்போது, எவ்வளவு சின்ன ஆளாக இருந்தாலும், "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்கும் கடமை வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அந்த அறையில் அதைக் கேட்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். லண்டனில் இருப்பவருக்குக் கேட்கத் தெரியாது, ஏனென்றால் அவர் கண்ணில் படவே போவதில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டு ஓய்வாக உட்கார்ந்து யோசிக்கவில்லை. என் மேசைக்கே வந்தது. (ரகசியக் காப்பில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதனால் எண்களையும் சில விவரங்களையும் மாற்றித்தான் சொல்கிறேன்.) வங்கியின் கணக்கும் எதிர்த்தரப்பின் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று தினமும் இரவில் ஒரு புரோகிராம் பார்க்கும். ஒத்துப்போகாததை எல்லாம் காலையில் ஒரு ரிப்போர்ட்டாகக் கொடுக்கும். அந்தப் புரோகிராமைப் பராமரிப்பது என் வேலை. இரண்டாவது மாதம் ஒரு டிக்கெட் வந்தது: இந்த 11 கணக்குகளை ரிப்போர்ட்டிலிருந்து விலக்கவும். காரணம் எழுத வேண்டிய இடம் காலி. 11 எண்களை ஒரு கோப்பில் சேர்த்தால் முடிந்தது, பத்து நிமிட வேலை.

ஒரு நொடி முதுகில் சில்லென்று இருந்தது, பொய் சொல்லவில்லை. உடனே எனக்கே சிரிப்பும் வந்தது. டேய், நீ ஒரு இன்டர்ன், இது சினிமா இல்லை. ஆனாலும் டிக்கெட்டிலேயே எழுதிக் கேட்டேன்: இவை யாருடைய கணக்குகள், ஏன் விலக்க வேண்டும், எவ்வளவு காலத்துக்கு?

என் டீம் தலைவர் நல்ல மனிதர். பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்: அந்த ரிப்போர்ட்டில் தினமும் நூற்றுக்கணக்கான வரி வருகிறது, பாதி குப்பை, குப்பையைப் பார்த்துப் பார்த்து ஆட்கள் உண்மையான பிரச்சினையையும் தாண்டிப் போகிறார்கள், விலக்குவது மறைக்க இல்லை, பார்க்க வைக்க. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற நிறுவனத்துக்கு 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடந்ததை எங்களுக்கு வகுப்பில் பாடமாகவே சொல்லிக்கொடுத்தார்கள். 8 சர்வர்களில் 7இல் மட்டும் புதிய மென்பொருளை ஏற்றினார்கள். எட்டாவதில் வருடக்கணக்கில் பயன்படுத்தாத பழைய கோட் கிடந்தது. சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு தானாக வாங்கி விற்கத் தொடங்கியது. 45 நிமிடத்தில் 440 மில்லியன் அமெரிக்க வெள்ளிக்கு மேல் நஷ்டம். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சந்தை திறப்பதற்கு முன்னாலேயே அந்தக் கணினி ஊழியர்களுக்கு 97 மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை. ஆக, எல்லாவற்றையும் காட்டுவதும் ஒரு வகையில் மறைப்பதுதான்.

அதனால் விலக்கவே மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. விலக்கியவற்றின் பட்டியல் வாரம் ஒருமுறை தனியாக ஒருவருக்குப் போகட்டும், ஒவ்வொரு விலக்குக்கும் காரணமும் காலாவதித் தேதியும் இருக்கட்டும் என்றேன். சரி, செய் என்றார். பத்து நிமிட வேலை நாலு நாள் ஆனது. கேட்டு அனுப்பியதில் 10 கணக்குகள் எப்போதோ மூடியவை என்று பதில் வந்தது. பதினோராவது ஏன் பட்டியலில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை, அதை எடுத்துவிட்டார்கள். அதில் எந்தத் தப்பும் இருந்ததாக எனக்குத் தெரியாது. அநேகமாக யாரோ எண்ணைத் தவறாக அடித்திருப்பார்கள். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை, யாரையும் காப்பாற்றவில்லை. முடிவு மதிப்பீட்டில் "கேள்விகள் அதிகம், வேகம் கூட வேண்டும்" என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

இதை நம்ம ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் சொன்னபோது ஓர் அண்ணன் மறுத்துப் பேசினார். பலனைப் பற்றிக் கவலைப்படாமல் கடமையைச் செய்யத்தானே கீதை சொல்கிறது, உன் கடமை கோட் எழுதுவது, அது எங்கே போகிறது என்பது உன் கவலை இல்லையே என்றார். இந்த வாதத்தை நான் பல இடத்தில் கேட்டிருக்கிறேன், அலுவலகத்தில் இந்து அல்லாத நண்பர்கள்கூட யோகா வகுப்பில் கேட்டதாகச் சொல்கிறார்கள். எனக்கு இது தலைகீழாகப் புரிந்துகொண்டதாகவே படுகிறது. பலன் என்று அங்கே சொல்வது எனக்கு வரும் லாபம், எனக்கு வரும் பெயர். சம்பளம் கூடுமா, பாராட்டுக் கிடைக்குமா என்று தவிக்காதே என்பது ஒன்று. என் கை செய்கிற காரியம் அடுத்தவனை என்ன செய்கிறது என்று பார்க்காதே என்பது முற்றிலும் வேறு. உண்மையில் பலனில் பற்று வைத்தவன்தான் கேள்வி கேட்கப் பயப்படுவான். இன்டர்ன்ஷிப் முடிவில் வேலை கிடைக்க வேண்டுமே என்ற பயம் எனக்கும் இருந்தது, அந்த நாலு நாளும் இருந்தது.

அதோடு கீதை எப்படித் தொடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். போர்க்களத்தில் ஒரு வீரன் வில்லைக் கீழே போட்டுவிட்டு, இதை நான் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்கிறான். இரண்டு சேனையும் காத்துக்கொண்டு நிற்கிறது. "நீ வீரன், பேசாமல் அம்பை விடு" என்று கண்ணன் ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. 18 அத்தியாயம் பதில் சொல்கிறான். கடைசியில்கூட, சொன்னதையெல்லாம் நன்றாக யோசித்து உனக்குச் சரியென்று படுவதைச் செய் என்றுதான் விடுகிறான். கேள்வி கேட்டவனுக்குக் கிடைத்த புத்தகத்தைக் கேள்வி கேட்காமல் இருப்பதற்குச் சாட்சியாகக் கூப்பிடுவது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அர்ஜுனன் தளபதி, நீ சிப்பாய் என்றார். அதுவும் யோசிக்க வேண்டிய பேச்சுத்தான்.

சிப்பாய் என்றதும் எனக்குத் தேசிய சேவை ஞாபகம் வந்தது. அங்கே இரண்டு வருடம் "யெஸ் சார்" மட்டும்தான். ஆனால் துப்பாக்கிச் சுடும் மைதானத்தில் முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, ஆபத்தாக ஏதாவது பார்த்தால் யார் வேண்டுமானாலும் சுடுவதை நிறுத்தச் சொல்லிக் கத்தலாம், நேற்றுச் சேர்ந்த ரெக்ரூட் உட்பட. கத்தியது தேவையில்லாமல் போனாலும் திட்ட மாட்டார்கள். கட்டளைக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்கிற இடமே இந்த ஓர் உரிமையைக் கடைசி ஆள் வரை கொடுத்து வைத்திருக்கிறது. மேலே இருப்பவன் கண்ணுக்கு எல்லாம் தெரியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

வங்கியில் அப்படி ஒரு சத்தம் போடும் உரிமை எழுத்தில் இருக்கிறது. முறைகேட்டைப் புகார் செய்யத் தனித் தொலைபேசி எண், பயிற்சி வீடியோ எல்லாம் உண்டு. ஆனால் நான் சொல்வது அதற்கு முந்தைய, அதைவிடச் சின்ன விஷயம். புகார் இல்லை, சந்தேகம்கூட இல்லை. காரணம் எழுதும் இடம் காலியாக இருந்தால் நிரப்பச் சொல்வது. இதற்கு வீரம் தேவையில்லை, வேலை கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். எல்லா டிக்கெட்டுக்கும் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த அலுவலகமும் ஓடாது என்பதும் உண்மை. நான் அந்த மூன்று மாதத்தில் ஐம்பது டிக்கெட்டுக்கு மேல் முடித்தேன், நின்று கேட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

வேலைக் கடிதம் போன வாரம் வந்துவிட்டது, படிப்பு முடிந்ததும் சேரலாம். பாட்டிக்கு இன்னும் சொல்லவில்லை. சேர்வேன் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு அந்தப் பணம் தேவை, அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. விமான நிறுவனம் எண்ணெய் விலையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்வதும், அரசாங்கம் ரயில் பாதைக்குக் கடன் திரட்டுவதும் இந்த மாதிரி வங்கிகள் வழியாகத்தான் நடக்கிறது என்பதையும் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டேன். செட்டியார்கள் வியாபாரக் கணக்கிலேயே மகமை என்று ஒரு பங்கை ஒதுக்கிக் கோயிலுக்கும் தர்மத்துக்கும் கொடுத்தார்கள். முதல் சம்பளத்திலிருந்து நானும் அப்படி ஒதுக்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் மகமை ஒரு கணக்கு, கேள்வி வேறு கணக்கு. ஒன்றைக் கொடுத்து மற்றதைக் கழிக்க முடியாது என்று அப்பாவிடம் சொன்னேன். "முதல்ல வேலையில சேருடா" என்றார் அப்பா.

நம்ம இளைஞர் பிரிவிலிருந்து ஒரு தங்கச்சி அடுத்த மே மாதம் வேறு ஒரு வங்கியில் இன்டர்னாகப் போகிறாள். என்ன தயார் செய்யணும் அண்ணா என்று கேட்டாள். எஸ்கியூஎல் நன்றாகப் பழகிக்கொள், குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், ஜாக்கெட் எடுத்துக்கொண்டு போ என்றேன். 88888 கதையையும் சொன்னேன். அதை எழுதியவர் பெயர் என்ன, அவருக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டாள். இவ்வளவு நாளும் எனக்கு அதைத் தேடிப் பார்க்கத் தோன்றவே இல்லை.